நொட்டாங்கைப் பக்கம்

இல்ல சார், நீங்க உள்ள போயி ஜன்னல் பக்கம் உக்காந்துக்கங்க. எனக்குப் பக்கத்துல இருக்கற ஆள் வலது பக்கமா இருக்கணும். அது ஒரு பழக்கமாப் போச்சு. உங்களுக்கும் நல்லாக் காத்து வரும். பெங்களூர் வரைக்கும்தானே? நானும் அங்கதான். அப்ப சரி.

கையைப் பாக்குறீங்க. எல்லாரும் பாப்பாங்க. போன தடவை இதே பஸ்ஸுல ஒருத்தர் பாறை உடைக்கிற வேலையான்னு கேட்டாரு. உள்ளங்கையில காய்ச்ச இந்தக் காப்பு பாறை உடைச்சு வந்தது இல்ல சார். குச்சி பிடிச்சு வந்தது. நான் போலோ ஆடுறவன். குதிரை மேல உக்காந்து பந்தை அடிக்கிற ஆட்டம். பாத்திருக்கீங்களா? டிவியில கூட இல்லையா? சரி, விடுங்க. எங்க அம்மா சாகுற வரைக்கும், எம்மகன் பட்டாளத்துல போலியோ ஆட்டம் ஆடுறான்னுதான் வேடசந்தூர்ல எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருந்துச்சு. ஊருல பாதிப் பேரு எனக்குக் கால் விளங்காமப் போயிருச்சுன்னே நினைச்சிருந்தாங்க.

இந்த ஆட்டத்துல ஆளுக்கு ஒரு நம்பர் போடுவாங்க சார். கத்துக்குட்டிக்கு மைனஸ் ரெண்டு. உலகத்துலயே பெரிய ஆட்டக்காரனுக்குப் பத்து. நம்ம நாட்டுல அஞ்சைத் தொட்டவனை விரல் விட்டு எண்ணிரலாம். நான் அஞ்சு. குணசீலன், அஞ்சு. எங்க அப்பன் குதிரையைக் கண்ணால பாத்ததில்ல. அய்யனார் கோயில் மண்குதிரைதான் அவருக்குத் தெரிஞ்ச குதிரை. அப்பேர்ப்பட்ட வீட்டுல இருந்து வந்து, ராஜா வீட்டுப் பிள்ளைகளோட சரிக்குச் சரியா ஆடி அஞ்சு வாங்குனவன் நான். இப்ப என் பேரைச் சொன்னா அந்த மைதானத்துல காவக்காரன் கூட கேட்டைத் திறக்க மாட்டான். ஏன்? வழி என்னுதுன்னு சொன்னதுக்கு. வேற ஒண்ணும் நான் செய்யலை சார். வழி என்னுது. அதைத்தான் சொன்னேன், இன்னைக்கும் அதைத்தான் சொல்லுறேன்.

சொல்லுறேன், இருங்க. டிக்கெட் வாங்கிருவோம்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தப்ப எனக்கு முன்னாடி நின்னவன் இன்னாசி. திண்டுக்கல்லுக்காரன். அவனுக்கு மார்பு அளவு பத்தலை. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நில்லுடான்னு பின்னால இருந்து நான்தான் சொன்னேன். மூஞ்சி செவந்து போயி நின்னான். தேறிட்டான். அன்னைக்குப் பிடிச்ச சிநேகிதம். பெங்களூர்ல எங்களைக் கோவேறு கழுதை மேய்க்கத்தான் போட்டாங்க. மலை மேல சாமான் ஏத்திப் போகும்ல, அந்தக் கழுதைங்க. ஒருநாள் ஒண்ணு மிரண்டு, சுமையோட பரேடு மைதானத்துல குறுக்க மறுக்க ஓடுது. நான் பின்னாலயே ஓடி, தாவி மேல ஏறி, காதைப் பிடிச்சுத் திருப்பிக் கொண்டாந்துட்டேன். ஒரு குடகு மேஜர் அதைப் பாத்துக்கிட்டு நின்னிருக்காரு. மறுநாள் என் கையில போலோ குச்சியைக் கொடுத்தாரு. நான் சொன்னேன், சார், இன்னாசியும் நல்லா ஏறுவான் சார், அவனையும் சேத்துக்கங்க சார்னு. நான் சொன்னேன் சார் அதை. அவன் இந்த ஆட்டத்துக்கு வந்ததே என்னாலதான். அதை யாரும் இப்ப பேச மாட்டேங்கறாங்க.

முதல்ல மரக்குதிரை. கம்பிவலைக் கூண்டுக்குள்ள ஒரு மரக்குதிரை நிக்கும். அது மேல உக்காந்து பந்தை அடிக்கணும். தரை சரிவா இருக்கறதால பந்து திரும்பி உங்ககிட்டயே உருண்டு வரும். அடிச்சுக்கிட்டே இருக்கலாம். நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சோம். கை பொத்துப்போயி, அதுல மஞ்சளை வச்சுக் கட்டிக்கிட்டு அடிச்சோம். அப்ப எங்களுக்கு இந்தி வராது. மைதானத்துல ஒருத்தருக்கொருத்தர் தமிழ்லயே கத்துவோம். எதிரணிக்காரனுக்கு ஒரு எழவும் புரியாது. எங்களுக்கு அது பெரிய வசதி.

அப்புறம் பட்டாள டீம். அப்புறம் ஜெய்ப்பூர், டெல்லி, கல்கத்தா. இன்னாசி பின்வரிசை, கோலைக் காக்குறவன். நான் நடுவுல, ஆட்டத்தை நடத்துறவன். எங்களை நாலு சீசன் யாராலயும் அசைக்க முடியலை சார். கோப்பை வாங்கையில ஒரு பெரிய அம்மா, எந்த ஊரு மகாராணியோ, நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியான்னு கேட்டாங்க. இன்னாசி எனக்கு முன்னாடியே இந்தி கத்துக்கிட்டான், அதுல என்னமோ சொன்னான். என்னடா சொன்னேன்னு கேட்டதுக்கு, "ஒரே கழுதையில வளந்தவங்கன்னு சொன்னேன் மாப்ள"ன்னான். அப்படித்தான் பேசுவான்.

சர்வீஸ் முடிஞ்சு வெளிய வந்ததும் கோயமுத்தூர் மில் முதலாளி ஒருத்தரு எங்களைக் கூப்பிட்டுக்கிட்டாரு. அவரு டீமுக்கு ஆட. காசு வாங்கிக்கிட்டு ஆடுற ஆட்டக்காரன்னு ஆயிட்டோம். அப்பதான் இந்தக் கண்ணு.

ஹைதராபாத்துல ஒரு சாதாரண ஆட்டம். எதிராளி சுத்துன குச்சி இங்க பட்டுச்சு. இந்தா, புருவத்துக்குக் கீழ தழும்பு. தையல் போட்டாங்க, சரியாப் போச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இடது கண்ணுல திரை விழுந்த மாதிரி. டாக்டர், உள்ள கிழிஞ்சிருக்கு, லேட்டா வந்துட்டீங்க, இனிமே குதிரை ஏறாதீங்கன்னாரு. வெளிச்சம் தெரியும். நிழல் தெரியும். ஆள்னு தெரியாது. அதனாலதான் உங்களை இந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க.

யாருகிட்டயும் சொல்லலை. எம்பொண்டாட்டி வாசுகிகிட்ட கூட சொல்லலை. சொன்னா அன்னைக்கோட ஆட்டம் போச்சு. தலையைக் கொஞ்சம் கூடுதலாத் திருப்புனா எல்லாம் தெரியும் சார். பழகிட்டேன். ஒருத்தனுக்கும் தெரியலை. இன்னாசிக்கு மட்டும் தெரிஞ்சு போச்சு. சாப்பிட உக்காந்திருக்கேன், இடது பக்கம் வந்து நின்னு ரொட்டித் தட்டை நீட்டிக்கிட்டே இருந்திருக்கான். நான் பாட்டுக்கு சாப்பிட்டுக்கிட்டிருந்திருக்கேன். ராத்திரி வந்து கேட்டான்.

"சீலா, எத்தனை நாளாடா?"

"எது எத்தனை நாளா?"

"விளையாடாத. கண்ணு."

அவன் பக்கத்துல உக்காந்து, "விட்டுரு மாப்ள. ஆட்டத்தை விட்டுரு"ன்னான்.

"விட்டா செத்துருவேன்டா."

"ஆடுனாலும் சாவடா. கூட இன்னொருத்தனையும் கூட்டிக்கிட்டுச் சாவ."

நான் அவன் காலைப் பிடிச்சேன் சார். நிஜமாத்தான் சொல்லுறேன், அவன் காலைப் பிடிச்சேன். இந்த ஒரு சீசன்டா, அடுத்த சீசன் விட்டுருறேன்னேன். அவன் ஒரு வழி கண்டுபிடிச்சான். ஆட்டத்துல என் இடது பக்கத்துல யாரு வந்தாலும், எங்க இருந்தாலும், "நொட்டாங்கை!"ன்னு கத்துவான். நம்ம பக்கம் இடக்கையை அப்படித்தானே சொல்லுவோம். நொட்டாங்கைன்னு சத்தம் கேட்டா நான் இழுத்துப் பிடிச்சுத் திரும்பிப் பாப்பேன். அவ்வளவுதான். கண்ணு இருக்கறவனை விட நல்லா ஆடுனேன். வடநாட்டுக்காரங்களுக்கு ஒரே குழப்பம். ஒருத்தன் வந்து, நொட்டாங்கைங்கறது உங்க ஊரு சாமியான்னு கேட்டான். ஆமா, ரொம்பத் துடியான சாமின்னு இன்னாசி சொல்லிட்டான். அடுத்த மேட்ச்சுல கேலரியில உக்காந்திருந்த பிள்ளைங்களே நொட்டாங்கை, நொட்டாங்கைன்னு கத்துதுங்க. நாங்க சிரிச்ச சிரிப்பு.

ஒரு சீசன்னு சொன்னது மூணு சீசன் ஆச்சு. விடலாம், விடலாம்னுதான் இருந்தேன். ஒவ்வொரு கோப்பை வரும்போதும் இதோட போதும்னு தோணும். மறுவாரம் குதிரை வாசனை பட்டா மறந்துரும்.

அப்புறம் இன்னாசியை வேற டீம்காரங்க எடுத்துக்கிட்டாங்க. வடக்க ஒரு டீம். நல்ல இடம். போகாதடான்னு சொன்னேன். "புள்ளைக்குப் படிப்பு இருக்கு மாப்ள. அதோட, நான் போயிட்டா நீயா விட்டுருவேன்னு நினைக்கிறேன்"ன்னான். அவன் போயிட்டா நான் விட்டுரணுமாம். பாருங்க அவன் நினைப்பை.

நான் விடலை. அந்த சீசன் இறுதி ஆட்டத்துக்கு எங்க டீமும் வந்துச்சு, அவன் டீமும் வந்துச்சு. எதிரெதிர். வாழ்க்கையிலேயே முதல் தடவை.

இங்க ஒரு விஷயம் நீங்க புரிஞ்சுக்கணும் சார். இதைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் எனக்கு நடந்த அநியாயம் புரியும். பந்து அடிபட்டுப் போகுதுல்ல, அது போற கோடு இருக்கு பாருங்க, அது ஒரு ரோடு மாதிரி. அந்த ரோட்டுல பந்துக்குப் பின்னாடி எவன் நேரா வர்றானோ வழி அவனுது. குறுக்க எவனும் வரக்கூடாது. குதிரை வர்ற வேகத்துக்குக் குறுக்க வந்தா சாவுதான். அதனால அதுதான் இந்த ஆட்டத்துல பெரிய சட்டம். மத்ததெல்லாம் அப்புறம்.

கடைசிச் சுற்று. ரெண்டு பக்கமும் சமம். மணி அடிக்கப் போகுது. எங்க ஆளு ஒருத்தன் பந்தை நீளமா அடிச்சான். எனக்கு முன்னாடி பந்து. நான் பின்னாடி. நேர் கோடு. எதுக்க கோல், கோல்ல ஆள் இல்ல. வழி என்னுது. அடிச்சா கோப்பை. நான் குதிரையை விட்டேன் பாருங்க, பாதாம்னு ஒரு ஆண் குதிரை, அம்பு மாதிரி போகும். போறேன், போறேன். இடது பக்கத்துல இருந்து என்னமோ கறுப்பா வந்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தோள்ல ஒரு இடி. பாதாம் தடுமாறுச்சு, விழலை. நான் நிமித்திக்கிட்டு, ஓங்கி ஒரே அடி. கோல். கையைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் பாக்குறேன். ஒருத்தன் கை தட்டலை சார். எல்லாரும் மைதானத்து நடுவுக்கு ஓடுறாங்க. அங்க இன்னாசியோட குதிரை கிடந்து காலை உதறுது. அதுக்கு அடியில இன்னாசி.

அந்த அடி இருக்கே, அந்தக் கடைசி அடி, அந்த மாதிரி என் வாழ்க்கையில நான் அடிச்சதில்ல. அந்த கோலைக் கணக்குல எடுத்துக்கலை. விசில் ஊதிட்டோம்ங்கறாங்க. எனக்கு விசில் கேக்கலை.

அம்பயர் என்ன சொன்னான் தெரியுமா? பந்து நடுவுல ஒருத்தன் குச்சியில லேசாப் பட்டுத் திரும்பிருச்சாம். கோடு மாறிருச்சாம். புதுக் கோட்டுல இன்னாசிதான் நேரா வந்தானாம், நான்தான் குறுக்க போனேனாம். பட்டுச்சாம், திரும்பிருச்சாம். நான் பாக்கலையே சார். நான் பாக்காதது எப்படி நடந்திருக்கும்? வீடியோ இருக்குங்கறாங்க. ஊரெல்லாம் போன்ல வச்சுக்கிட்டுத் திரியுது. நான் அதைப் பாத்ததில்ல. கேமரா எந்தக் கோணத்துல வச்சான்னு யாருக்குத் தெரியும்.

இன்னொண்ணு. இன்னாசி கடைசி நொடியில குதிரையை இழுத்திருக்கான். அந்த வேகத்துல இழுத்ததால அது குறுக்கத் திரும்பி, விலாவுல இடி வாங்கி உருண்டுருச்சு. நேரா வந்திருந்தா என் மேல முழுசா மோதியிருப்பான், நான் விழுந்திருப்பேன், அவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அவன் எதுக்கு இழுத்தான்? அனுபவசாலி இழுக்கலாமா? அது யாரு தப்பு? இதை நான் விசாரணையில கேட்டேன். பெரிய மனுசங்க அஞ்சாறு பேரு உக்காந்திருந்தாங்க. ஒரு மாதிரியா என்னைப் பாத்தாங்க. ஆபத்தா ஆடுறவன்னு சொல்லி ஆயுசுக்கும் தடை போட்டுட்டாங்க.

இன்னாசிக்குக் கழுத்து எலும்பு ஒடிஞ்சு போச்சு. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் இல்ல. பேசுவான், மெதுவா. அவ்வளவுதான்.

என் கதையைக் கேளுங்க. பெங்களூர்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு ரிசார்ட். அங்க ஒரு கிழட்டு மட்டக்குதிரை. சனி ஞாயிறு வர்ற பிள்ளைங்களை அது மேல உக்கார வச்சு, கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் புல்வெளியை ஒரு சுத்துச் சுத்தி விடணும். அதுதான் என் வேலை. நான் அஞ்சு சார். அஞ்சு நம்பர் ஆட்டக்காரன் கயிறு பிடிக்கிறான். "அங்கிள், ஃபாஸ்ட்டா போங்க"ங்கும் பிள்ளைங்க. ஒருநாள் வேகமா விட்டேன், அவங்க அம்மா கத்துன கத்துல முதலாளி வந்துட்டான். அன்னைக்கு ராத்திரி, கொட்டாயில தொங்குற கயித்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வேணாம், அதைப் பேச வேணாம். வாசுகி அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. போகையில என்ன சொன்னா தெரியுமா? "வழி யாருதுன்னு நான் கேக்கலை. ஒருதடவை போயி அவரு முகத்தைப் பாத்து அழுதுட்டு வாங்க, நான் உங்க கூட இருக்கேன்"னா. நான் எதுக்கு அழணும்? தப்புப் பண்ணவன்ல அழணும்?

ஆனா போனேன் சார். அழ இல்ல. கமிட்டியில ஒருத்தரு சொன்னாரு, அடிபட்டவனே வந்து, வழி குணசீலனுதுதான், தப்பு என்னுதுன்னு சொன்னா தடையை எடுக்கறதைப் பத்தி யோசிப்போம்னு. ஒரு வார்த்தை. அவன் வாயில இருந்து ஒரே ஒரு வார்த்தை. அதுக்காக எத்தனை தடவை திண்டுக்கல் போயிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆரஞ்சு வாங்கிட்டுப் போவேன். அவன் பொண்டாட்டி பிலோமி கதவைத் திறப்பா, என்னைப் பாப்பா, சாத்திருவா. எதுத்த டீக்கடையில உக்காந்திருப்பேன் சாயங்காலம் வரைக்கும். ஒரு தடவை தாங்க முடியாம, ரோட்டுல நின்னு கத்திட்டேன். "இன்னாசி! ஒரு வார்த்தை சொல்லுடா! வழி யாருதுன்னு சொல்லுடா!"ன்னு. சாவு வீட்டுல கத்துற மாதிரி கத்துனேன். தெருக்காரங்க வந்து தோளைப் பிடிச்சுத் தள்ளிவிட்டாங்க. தண்ணியடிச்சிருக்கேன்னு நினைச்சாங்க. நான் தொடுறது கூட இல்ல சார்.

வயசு ஆகுது. இந்த சீசன் விட்டா உடம்பு கேக்காது. மில் முதலாளி சொல்லிட்டாரு, தடை போயிருச்சுன்னா இந்த ஒரு சீசன் எடுத்துக்கறேன்னு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது சார். குதிரை மேல இருந்தாத்தான் நான் ஆளு. கீழ இறங்குனா ஒண்ணுமில்ல.

நேத்து பிலோமி போன் பண்ணுச்சு. அதுவா பண்ணுச்சு. "அண்ணே, வாங்க. அவரு கூப்பிடுறாரு. சீக்கிரம் வாங்க. டாக்டரு அதிக நாள் இல்லைன்னு சொல்லிட்டாரு"ன்னு.

இன்னைக்குக் காலையில போனேன். அங்க இருந்துதான் வர்றேன்.

உங்களுக்கு எப்படிச் சொல்லுறது. நான் பாத்த இன்னாசி இல்ல. கட்டில்ல போர்வைக்கு அடியில ஆள் இருக்கறதே தெரியலை. முகம் மட்டும் இருக்கு. முதுகு புண்ணாகாம இருக்கப் போட்ட காத்து மெத்தை ஒண்ணு கொர்ருனு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு. நான் கதவுகிட்டயே நின்னுட்டேன்.

"வாடா கழுதை"ன்னான். குரல் காத்து மாதிரி வருது. "என்னடா இளைச்சுட்ட?"

நான் இளைச்சுட்டேனாம் சார். அவன் கேக்குறான்.

நான் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, "பிலோமி, போனைப் போடு"ன்னான். அது கமிட்டித் தலைவருக்குப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சுச்சு. இவன் மூச்சை இழுத்து இழுத்து இந்தியில சொன்னான். சார், நான் இன்னாசிமுத்து பேசுறேன். அன்னைக்கு வழி குணசீலனுது. குறுக்க வந்தது நான். அவனை ஆட விடுங்க. இது என் கடைசி வேண்டுதல்னு. அந்தப் பக்கம் அந்த ஆளு அழுதுட்டாரு. கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை சார். இத்தனை நாளும் அவன் எங்கயும் சொல்லலை. சொல்லியிருந்தா என் கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

கிடைச்சுருச்சு. எதுக்காக இத்தனை நாளா நாயா அலைஞ்சேனோ அது ரெண்டு நிமிஷத்துல கிடைச்சுருச்சு. அவன் கையைப் பிடிச்சேன். பிடிச்சது அவனுக்குத் தெரியாதுன்னு அப்புறம்தான் நினைப்பு வந்துச்சு.

அப்ப சொன்னான், "மாப்ள, நான் ஒண்ணு கேக்கணும்டா. அதுக்குத்தான் கூப்பிட்டேன். அன்னைக்கு நான் நொட்டாங்கைன்னு கத்துனேன். ரெண்டு தடவை கத்துனேன். உனக்குக் கேட்டுச்சா?"

பிலோமி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிக்குது. என்னையே பாக்குது.

"கேக்கலை மாப்ள. ஒரே கூட்டச் சத்தம்"னேன்.

அவன் முகத்தைப் பாக்கணுமே சார். அப்படியே தெளிஞ்சு போச்சு. பொண்டாட்டி பக்கம் கண்ணைத் திருப்பி, "பாத்தியா? நான் சொன்னேன்ல. கேட்டிருந்தா இழுத்துப் பிடிச்சிருப்பான்னு சொன்னேன்ல. அவனைப் போயி..."ன்னான். மூச்சு வாங்குச்சு, நிறுத்திட்டான். பிலோமி முந்தானையால அவன் வாயைத் துடைச்சு விட்டுச்சு.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்துச்சு. நான் வாங்கிட்டுப் போன ஆரஞ்சுப் பையைத் திரும்ப என் கையில கொடுத்துச்சு. "அண்ணே, அந்த வீடியோவை நான் பல தடவை பாத்திருக்கேன். அவரு கத்துறது அதுல கேக்குது. கத்துனதும் உங்க தலை இடது பக்கம் திரும்புது. திரும்பிட்டு மறுபடி நேராப் பாக்குறீங்க"ன்னுச்சு. குரலை ஒசத்தலை. "அவருகிட்ட நான் சொல்லலை. சொல்ல மாட்டேன். அவரு நிம்மதியாப் போகட்டும். இனிமே நீங்க வராதீங்க. அதுக்கு அப்புறமும் வராதீங்க."

தலை திரும்புச்சாம். குதிரை மேல போறவன் தலை ஆயிரம் தடவை திரும்பும். அதை வச்சு என்ன சொல்ல முடியும்?

கேட்டுச்சு சார். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. கேட்டுச்சு. ஆனா அது இறுதி ஆட்டம். அவன் எதிரணி. எதிரணிக்காரன் கத்துனா நம்பி இழுத்துப் பிடிக்கிறதா? என்னை நிறுத்துறதுக்காகக் கத்தியிருக்கலாம்ல? அந்த நேரத்துல எந்த ஆட்டக்காரனும் அப்படித்தான் நினைப்பான். பந்து முன்னாடி இருக்கு, கோல் தொறந்து கிடக்கு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. அவன்கிட்ட கேக்கலைன்னு சொன்னதும் அவன் நல்லதுக்குத்தான். போற உசுரு. கேட்டுச்சுன்னு சொன்னா தாங்குவானா? நான் செஞ்சது சரிதானே? என்ன சார், ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வர்றீங்க. பையில ஆரஞ்சு இருக்கு, எடுத்துக்கங்க.

கரூர் தாண்டும்போது கமிட்டியில இருந்து போன் வந்துச்சு. நடுவுல நீங்க கொஞ்ச நேரம் தூங்குனீங்கல்ல, அப்ப. தடையை எடுத்தாச்சு. முதலாளியும் பேசிட்டாரு. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க, பயிற்சிக்கு. பாதாம் இன்னும் இருக்காம். நான் சந்தோஷமா இருக்கணும் சார். எத்தனை வருசமா இந்த ஒரு போனுக்குத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். சந்தோஷமாத்தான் இருக்கேன். இந்தக் கண்ணுல தண்ணி வர்றது காத்துனால. அடிபட்ட கண்ணு, காத்துப் பட்டா அப்படித்தான்.

ஒண்ணு மட்டும்தான் புரியலை. பிலோமி கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி, உள்ள இருந்து இன்னாசி மறுபடி கூப்பிட்டான். "சீலா!"ன்னு. நான் திரும்ப ஓடுனேன். என்னமோ சொல்லப் போறான், திட்டப் போறான், காறித் துப்பப் போறான்னு நினைச்சேன். துப்பியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இப்பத் தோணுது. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மாப்ள, இனிமே உனக்குக் கத்துறதுக்கு ஆள் இல்ல. படுத்துக்கிடந்து யோசிச்சேன். குதிரை காதைப் பாருடா. இடது பக்கம் எவன் வந்தாலும் குதிரைக்கு முதல்ல தெரிஞ்சிரும், அந்தக் காதைத் திருப்பும். காது திரும்புனா நீ இழுத்துரு"ன்னான். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டான்.

நல்ல யோசனைதான். குதிரைக்காரன் யோசனை. ஆனா சார், பஸ் ஏறுனதுல இருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். எனக்கு இருக்கறது ஒரே கண்ணு. அந்த வேகத்துல, அந்தக் கண்ணைக் குதிரை காதுலயே வச்சுக்கிட்டிருந்தா, நான் பந்தை எப்படி சார் பாக்குறது?